சாரத்தில் நின்றுவிட்ட கணினி

(சுரண்டையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள் சின்னதுதான். கணினியைப் போடுகிறோம். தயாரித்த கம்பெனியின் பெயர் வந்து மறைகிறது. அதற்கப்புறம் வர வேண்டிய படம் வராமல் கறுப்புத் திரையில் நாலைந்து வரி ஆங்கிலம் ஓடுகிறது. கடைசியில் அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று ஒரு சொல்லும், பக்கத்தில் மினுக்மினுக்கென்று ஒரு கோடும் நிற்கின்றன. டெபியன், உபுண்டு, நம் நாட்டு பாஸ் லினக்ஸ் ஆகியவற்றைப் புழங்குகிறவர்களுக்கு இது தெரிந்த காட்சி. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் மூன்றில் ஒரு பதில் கிடைக்கும்: ‘ஹார்ட் டிஸ்க் போயிருச்சு’, ‘ஓ.எஸ். கரப்ட் ஆயிருச்சு’, ‘ஃபார்மட் போட்டுத் தந்துடுறேன்’. மூன்றுமே பெரும்பாலும் அவசரத் தீர்ப்புகள் என்பது என் வாதம். அந்தத் திரையில் நிற்கிற இயந்திரம் செத்துப்போகவில்லை. எங்கே இடறியது என்று சொல்வதற்கென்றே அங்கு நிற்கிறது. கேட்காமல் ஃபார்மட் போடுவது, வாக்குமூலம் வாங்குமுன் சாட்சியை ஊரைவிட்டு அனுப்புகிற வேலை.

அது ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கணினி தொடங்குவதில் ஒரு பழைய சிக்கல் உண்டு; பெட்டிச் சாவி பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கதை. வட்டில் இருப்பதைப் படிக்க அந்த வட்டுக்கான டிரைவர் வேண்டும். டிரைவரோ அந்த வட்டிலேதான் இருக்கிறது. உலகத்தில் உள்ள எல்லா வட்டுகளுக்கும் உரிய டிரைவர்களை, இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள்ளேயே திணித்தால் கெர்னல் ஊதிப்போகும். அதனால் ஒரு வழி கண்டார்கள். கிரப் என்கிற தொடக்க நிரல், தாய்ப்பலகையின் பயாஸ் துணையோடு இரண்டு கோப்புகளை மட்டும் ராம் என்கிற நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது. ஒன்று கெர்னல். மற்றது, சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை. கெர்னல் எழுந்ததும் மூட்டையைப் பிரிக்கிறது; ராமுக்குள்ளேயே ஒரு குட்டிக் கோப்பு அமைப்பு எழுகிறது; அதை நினைவக வட்டு என்போம். அதில் தேவையான டிரைவர்களும், பிஸிபாக்ஸ் என்கிற சிறு கருவித் தொகுப்பும், ஒரு வேலைத்திட்டமும் இருக்கும். அது உண்மையான வட்டைத் தேடிக் கண்டுபிடித்து, இணைத்து, பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தன்னையே அழித்துக்கொள்ளும். தென்காசிக் கோயிலின் கோபுரம் 1990-இல் மறுபடி நிமிர்ந்து நின்றபோது அதைச் சுற்றிக் கட்டிய சாரத்துக்கு என்ன வேலையோ அதே வேலைதான் இந்த நினைவக வட்டுக்கும். வேலை முடிந்ததும் யாரும் சாரத்தை நினைப்பதில்லை. வேலை பாதியில் நின்றால் கண்ணுக்குத் தெரிவது சாரம் மட்டும்தான்.

இந்த ஏற்பாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழுது பார்க்கிறவனுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. 1996-இல் வெர்னர் ஆல்மெஸ்பெர்கரும் ஹான்ஸ் லெர்மனும் விவரித்த முதல் வடிவம் உண்மையிலேயே ‘ராம் டிஸ்க்’. ராமில் ஒரு பகுதியை வட்டு என்று கெர்னலை நம்பவைத்து, அதன்மேல் ஒரு கோப்பு அமைப்பை ஏற்றுவார்கள். அதிலிருந்து ஒரு கோப்பைப் படித்தால், வட்டிலிருந்து படித்ததாக எண்ணிக் கெர்னல் அதற்கு இன்னொரு நகலை ராமிலேயே எடுத்து வைத்துக்கொள்ளும். ஒரே பொருளுக்கு இரண்டு இடம் வீண். நகல் வைக்கும் அந்தக் கேஷையே கோப்பு அமைப்பாக ஆக்கிவிட்டால் என்ன என்று லினஸ் டோர்வால்ட்ஸ் யோசித்ததில் பிறந்ததுதான் ராம்எஃப்எஸ். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலிலிருந்து மூட்டை நேரே அதற்குள் பிரிகிறது; இனிட்ராம்எஃப்எஸ் என்ற பெயர் அப்படி வந்தது. பாடம் என்னவென்றால், அந்தக் கறுப்புத் திரையில் நீங்கள் நிற்கிற இடத்தின் அடியில் எந்த வட்டும் இல்லை. அங்கே ஒரு கோப்பைத் திருத்தினாலும் அழித்தாலும், மின்சாரத்தை நிறுத்தியதும் எல்லாம் காணாமல் போகும். பயப்படத் தேவையில்லை என்பது ஒரு பக்கம். உண்மையான வட்டைத் தொடாமல் அங்கே செய்த சரிக்கட்டல் அந்த ஒரு தடவைக்குத்தான் என்பது மறுபக்கம். ‘நேத்து சரியாச்சு, இன்னிக்கு மறுபடி அதே’ என்று வருகிற புகார்களில் பல, இந்த இரண்டாவதை மறந்ததால் வருபவை.

இனி ‘ஹார்ட் டிஸ்க் போயிருச்சு’ என்ற முதல் தீர்ப்புக்கு வருவோம். அந்தத் திரை வந்ததே அதற்கு எதிரான சாட்சி. கெர்னலும் மூட்டையும் சில வினாடிகளுக்கு முன்னால் அதே வட்டிலிருந்துதான் படித்து எடுக்கப்பட்டன. வட்டு முழுசாகச் செத்திருந்தால் கிரப் பட்டியலே வந்திருக்காது. ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று பயாஸே கையை விரித்திருக்கும். ஆக, பயாஸ் கண்ணுக்குத் தெரிந்த வட்டு கெர்னல் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது, அல்லது தெரிந்தும் அடையாளம் பொருந்தவில்லை, அல்லது பொருந்தியும் கோப்பு அமைப்பு குலைந்திருக்கிறது. மூன்றே வழிகள். வட்டின் வேறு பகுதியில் பழுது இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. அதற்கும் பின்னால் வருகிறேன். ஆனால் எந்த வழி என்று தெரிந்துகொள்ளக் கடைக்காரரின் ஊகம் வேண்டாம். இரண்டே கட்டளை போதும்.

அந்த இரண்டையும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். டெபியன் குடும்பத்தில் வட்டு கிடைக்காமல் நின்றால், ‘வேர் வட்டுக்காகக் காத்திருந்து கைவிட்டேன்’ என்று திரை சொல்லும். வழக்கமான காத்திருப்பு 30 வினாடி. அதற்குக் கீழேயே வழக்கமான காரணங்களையும் அது அடுக்கும்: கெர்னலுக்குக் கொடுத்த குறிப்புகளைப் பார், போதுமான நேரம் காத்திருந்தேனா பார், டிரைவர் விடுபட்டதா பார். சோதனை வரிசை திரையிலேயே அச்சாகி நிற்கிறது; நாம் படிப்பதில்லை. முதல் கட்டளை, ‘ப்ராக்’ என்ற அடைவில் உள்ள ‘சிஎம்டிலைன்’ கோப்பைக் காட்டச் சொல்வது. எந்த வட்டைத் தேடினேன் என்பதை, யுயுஐடி என்கிற நீண்ட அடையாள எண்ணோடு அது காட்டும். இரண்டாவது ‘பிஎல்கேஐடி’. இப்போது கண்ணுக்குத் தெரிகிற வட்டுகள் எவை, அவற்றின் அடையாள எண்கள் எவை என்று அது பட்டியல் போடும். ரேஷன் கார்டு எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிடுவதுபோல இரண்டையும் ஒப்பிட்டால் போதும். எண் பொருந்தியிருக்கிறதா? வட்டு தாமதமாக எழுந்திருக்கிறது. யுஎஸ்பி வட்டுகளில் இது நடக்கும். ‘எக்ஸிட்’ என்று அடித்தாலே பல சமயம் இயந்திரம் எழுந்துகொள்ளும். ‘ரூட்டிலே’ என்ற குறிப்பைச் சேர்த்துக் காத்திருப்பைக் கூட்டுவது நிரந்தர மருந்து. எண் வேறாக இருக்கிறதா? யாரோ வட்டை மாற்றியிருக்கிறார்கள், பகுதியை மறுபடி ஃபார்மட் செய்திருக்கிறார்கள், அல்லது புது எஸ்எஸ்டி-க்கு மாற்றிவிட்டுப் பழைய எண்ணை விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது நிலை சுவையானது: பட்டியல் காலி. வட்டு ஒன்றுமே தெரியவில்லை. பயாஸில் வட்டு தெரிகிறது, இங்கே தெரியவில்லை என்றால் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டும், அல்லது பயாஸ் அமைப்பை. இன்டெல் இயந்திரங்கள் பலவற்றில் என்விஎம்ஈ வட்டை ‘ரெய்டு’ முறைக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. தாய்ப்பலகையில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனாலோ, யாரோ பயாஸைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினாலோ, அமைப்பு அந்த முறைக்குப் போய்விடக்கூடும். அப்போது ‘டிமெஸ்ஜி’ என்ற கட்டளையில் கெர்னல் வெட்டவெளிச்சமாக ஒரு வரி எழுதியிருக்கும்: ஒளிந்திருக்கிற என்விஎம்ஈ வட்டு ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்த பயாஸில் ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐ-க்கு மாற்று. நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் ஒரே வரியில் எழுதிவைத்த இயந்திரத்துக்கு நாம் ஃபார்மட் போட்டுக்கொண்டிருக்கிறோம். (அதே வட்டில் விண்டோஸும் இருந்தால் இந்த மாற்றத்தை யோசித்துத்தான் செய்ய வேண்டும், விண்டோஸ் பக்கம் நீலத்திரை வரலாம்.)

கோப்பு அமைப்பு குலைந்த நிலையில் திரையின் பேச்சு மாறும். ‘எதிர்பாராத முரண்பாடு, எஃப்எஸ்சிகே-யைக் கையால் ஓட்டு’ என்று கேட்கும்; எஃப்எஸ்சிகே என்பது கோப்பு அமைப்பைச் சரிபார்க்கும் கருவி. தென்காசி வட்டாரத்தில் இந்தக் குலைவுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்க, வீட்டில் மின்விசிறி நின்றுபோன காலம் நமக்கு நினைவிருக்கிறது. 2012-இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாத நாள்கள் இருந்தன. இன்றைக்கு அந்த அளவு இல்லை. ஆனாலும் யுபிஎஸ் பேட்டரி செத்த மேசைக் கணினிக்கு ஒரு நொடி மின்தடையே போதும். இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ‘எஃப்எஸ்சிகே-யும் ஆபத்துதானே, அது கோப்புகளைத் தூக்கி எறிந்துவிடுமே?’ என்பார்கள். பாதி உண்மை. வட்டே தேய்ந்துகொண்டிருக்கும்போது அதை ஓட்டினால் புண்ணைக் கிளறியதாகும். அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் டிமெஸ்ஜியில் ‘ஐ/ஓ எரர்’ என்ற வரிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் எதையும் சரிசெய்யக் கூடாது. வட்டைக் கழற்றி, வேறொரு இயந்திரத்தில் மாட்டி, முதலில் முழு நகல் எடுக்க வேண்டும். அந்த வரிகள் இல்லாவிட்டால், ‘பார்க்க மட்டும், எழுதாதே’ என்று பொருள்படும் ‘என்’ குறியோடு எஃப்எஸ்சிகே-யை ஓட்டிப் பாருங்கள். பிறகு முடிவெடுங்கள். இந்த மறுப்பு என் வாதத்தைத் தளர்த்தவில்லை. எஃப்எஸ்சிகே-யாவது சிலவற்றைத்தான் தூக்கி எறியக்கூடும். ஃபார்மட் எல்லாவற்றையும் எறிகிறது.

இதுவரை சாரம் நன்றாக இருந்து கோபுரத்தில் கோளாறு என்ற நிலை. சாரமே ஒடிந்த நிலையும் உண்டு. அப்போது அந்த மினுக்கும் கோடுகூட வராது. ‘கெர்னல் பேனிக்’ என்று தொடங்கி, ‘வேர்க் கோப்பு அமைப்பை இணைக்க முடியவில்லை’ என்று சொல்லி, கடைசியில் அடைப்புக்குறிக்குள் இரண்டு பூச்சியங்களோடு திரை உறைந்துவிடும். பூச்சியம், பூச்சியம் என்றால் எந்த வட்டையுமே கெர்னல் அறியவில்லை என்று பொருள். பல சமயம் மூட்டை வரவேயில்லை, அல்லது பாதி மூட்டை வந்திருக்கிறது. ஏன் பாதி? ‘பூட்’ என்ற பகுதியைத் தனியாகச் சின்னதாக ஒதுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பிலும் ஒரு புதுக் கெர்னலும் அதற்கொரு மூட்டையும் வந்து சேரும். பழையவை போகாமல் கிடந்தால் ஒரு நாள் இடம் தீரும். ‘வட்டில் இடம் இல்லை’ என்ற ஒற்றை வரி புதுப்பிப்பின் நடுவே ஓடி மறைந்திருக்கும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலையில் இயந்திரம் எழாது. இதற்கு மருந்து கிரப் பட்டியலிலேயே இருக்கிறது. மேம்பட்ட தேர்வுகளுக்குள் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால், அதற்கென்று இருக்கிற பழைய, முழுசான மூட்டை ஏறும், இயந்திரம் எழுந்துவிடும். பிறகு வேண்டாத கெர்னல்களை நீக்கி, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளையால் மூட்டையை மறுபடி கட்டினால் முடிந்தது. பழைய கெர்னலும் இல்லையென்றால் லைவ் யுஎஸ்பி-யில் ஏறி, உள்ளே இருக்கிற அமைப்புக்குள் ‘சிஎச்ரூட்’ வழியாக நுழைந்து அதே கட்டளையைக் கொடுக்கலாம். அப்படிச் செய்கிறவர்கள் தனியாக இருக்கிற பூட் பகுதியை இணைக்க மறந்துவிடுவார்கள். மூட்டை வேறெங்கோ உட்கார்ந்துகொள்ளும், பழைய ஒடிந்த மூட்டை அப்படியே இருக்கும். ‘எல்லாம் செய்தும் ஆகவில்லை’ என்ற பேச்சுக்குப் பின்னால் இந்த மறதி அடிக்கடி ஒளிந்திருக்கும்.

கடைக்காரர்களின் பக்கத்தையும் கேட்க வேண்டும். ‘ஃபார்மட் போட அரை மணி நேரம். நீங்கள் சொல்கிற விசாரணைக்கு யார் கூலி கொடுப்பார்?’ என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி; வாடகையும் கரண்ட் பில்லும் அவர்கள்தான் கட்டுகிறார்கள். ஆனால் அந்த அரை மணி நேரக் கணக்கு, இயந்திரம் கடையில் இருக்கிற நேரத்தை மட்டும் எண்ணுகிறது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியின் கணினி என்றால், வரவு செலவும், கேரளத்துக்கு லோடு அனுப்பிய பாக்கிக் கணக்கும், பிரிண்டர் அமைப்பும் அதில் இருக்கின்றன. அவற்றை மறுபடி சேர்க்கிற நாள்களை யார் கணக்கில் எழுதுவது? அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கோளாறு பயாஸ் அமைப்பிலோ தேய்கிற வட்டிலோ இருந்தால், புதிதாகப் போட்ட ஓ.எஸ்.-உம் அதே இடத்தில் வந்து நிற்கும். விசாரணைக்கு ஆகும் பத்து நிமிடம், இரண்டாவது தடவை இலவசமாகச் செய்ய வேண்டிய வேலையை மிச்சப்படுத்துகிறது. கடைக்காரருக்கே லாபம்.

‘இந்த நினைவக வட்டே வேண்டாமே, டிரைவரைக் கெர்னலுக்குள் வைத்துவிட்டால் கோளாறுக்கு ஓர் இடம் குறையுமே’ என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வதுண்டு. ரவுட்டர் போன்ற, ஒரே வன்பொருளோடு பிறந்து அதோடே முடிகிற கருவிகளுக்கு இது சரி. வீட்டுக்கு ஒரு தினுசு, பள்ளிக்கு ஒரு தினுசு என்று கிடக்கிற நம் கணினிகளுக்கு ஒத்துவராது. இதே விவாதம் மூட்டைக்குள்ளும் உண்டு. டெபியனில் ‘மாட்யூல்ஸ்’ என்ற அமைப்பை ‘மோஸ்ட்’ என்று விட்டால் பெரும்பாலான டிரைவர்கள் ஏறும். ‘டெப்’ என்று மாற்றினால் இந்த இயந்திரத்துக்கு மட்டும் தேவையானவை ஏறும். மூட்டை சிறுக்கும், தொடக்கம் கொஞ்சம் வேகமாகும். ஆனால் தாய்ப்பலகை எரிந்து வட்டை வேறு இயந்திரத்தில் மாட்டுகிற நாளில் அந்தச் சிக்கனம் கழுத்தைப் பிடிக்கும். பழுது பார்க்க வசதி குறைவான ஊரில் இருக்கிறவர்கள் ‘மோஸ்ட்’ என்றே விட்டுவிடுவது நல்லது.

‘எங்களிடம் விண்டோஸ்தானே இருக்கிறது, இது எங்களுக்கு எதற்கு?’ என்று நினைக்கிறவர்களும் இங்கே இருப்பீர்கள். 2024 ஜூலை 19-ஐ நினைவுபடுத்துகிறேன். க்ரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு புதுப்பிப்புக் கோப்பு நம் நேரம் காலை 9.39-க்கு வெளியானது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கணினிகள் எப்படி எழுந்தன? பாதுகாப்பு முறையிலோ விண்டோஸின் மீட்புச் சூழலிலோ தொடங்கி, அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்கியபோது எழுந்தன. அந்த மீட்புச் சூழல் என்பது ராமுக்குள் விரிகிற ஒரு குட்டி விண்டோஸ். ‘எக்ஸ்’ என்ற எழுத்தில் தெரிகிற அதன் வட்டு உண்மையில் ஒரு நினைவக வட்டு. அங்கேயும் புதிதாக வருகிறவர் தடுக்கி விழுகிற கல் ஒன்று உண்டு: வழக்கமான ‘சி’ வட்டு அங்கே ‘டி’ என்று தெரியலாம், எனவே எந்த எழுத்தில் விண்டோஸ் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் மீட்பு எண் இல்லாமல் உள்ளே போகவே முடியாது. 85 லட்சம் இயந்திரத்துக்கும் ஃபார்மட் போடுவதென்று முடிவெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கோப்பு. அதை நீக்க ராமுக்குள் ஒரு சாரம். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

கடைசி மறுப்பு, மொழி. ‘ஆங்கிலத்தில் நாலு வரி ஓடினால் நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?’ இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட இயந்திரங்கள் மாணவர் வீடுகளுக்குப் போயின. தொடக்க ஆண்டுகளில் அவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் டெபியனிலிருந்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதாவது இந்த நினைவக வட்டு கடையநல்லூரிலும் வீரகேரளம்புதூரிலும் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அதைப் படிக்கிற பழக்கம் மட்டும் கூடவே வரவில்லை. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போனால் வேறு காட்சி. கேரள அரசு 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், 2017-இல் கைட் என்ற அமைப்பான பிறகும், பள்ளிக் கணினிகளை லினக்ஸில் நடத்துகிறது. பள்ளிதோறும் அதற்கென்று பொறுப்பாசிரியர் இருக்கிறார். அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழியும் ஆங்கிலம் கிடையாது. தொடக்கத் திரையில் வருகிற சொற்களை எண்ணிப் பார்த்தால் ஐம்பதைத் தாண்டாது. பஸ் போர்டு படிக்கிற அளவு பழக்கம் போதும். தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் 2012-இல் தொடங்கிய கணியம் இதழ் இருக்கிறது.

இங்கே வந்திருக்கிற மாணவர்களிடமும் கடை வைத்திருப்பவர்களிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த தடவை இயந்திரம் அந்தத் திரையில் நின்றால், பொத்தானை அழுத்தி அணைப்பதற்கு முன்னால் திரையைப் போனில் ஒரு படம் எடுங்கள். கடைக்குப் போகும்போது இயந்திரத்தோடு அந்தப் படத்தையும் கொடுங்கள். கடைக்காரர் அதைப் பார்க்காமலே ஃபார்மட் என்றால், அடுத்த கடைக்குப் போங்கள்.